கரடி உருண்டையான கதை

பிள்ளை தொலைந்துபோனால் நீங்கள் முதலில் எங்கே போய் நிற்பீர்கள்?

ஆற்றங்கரைக்கு ஓடுவோம், அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்போம் என்பீர்கள். சரிதான். ஒரு காட்டில், ஆற்றுக்கு மேல்கரையில் குடியிருந்த பூவாயி என்கிற கரடியும் அத்தனையும் செய்துவிட்டுத்தான், கடைசியில் அனிமேஷன் படம் எடுக்கிற ஸ்டுடியோவில் போய் நின்றாள்.

நடந்தது இதுதான். கரடிக் குட்டிகள் வெளியூருக்கு நடந்து போவதில்லை. அம்மா முதுகில் ஏறி, தோளுக்குப் பின்னால் இருக்கிற நீள முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் வண்டி கிளம்பிவிடும். பூவாயியின் மகன் மொச்சை அப்படித்தான் ஊர் சுற்றினான். ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கும்போது, "பிடிச்சுக்கோ, நல்லாப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே பூவாயி நீந்தினாள். கரையேறித் திரும்பிப் பார்த்தால் முதுகில் ஆள் இல்லை. தோளுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியும் இல்லை. பையன் சொன்ன பேச்சைக் கேட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறான். முடிதான் அவனோடு போய்விட்டது.

அவனுக்கு ஊர்ப் பெயர் தெரியாது. "வீட்டுக்குப் போலாம் வா" என்று சொல்லித்தான் வளர்த்தாளே தவிர, வீடு இருப்பது மேல்கரை, இலுப்பை மரத்தடி என்று சொல்லிக்கொடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று இருந்துவிட்டாள். நாமும் அப்படித்தானே.

காணாமல் போனவர்களைத் தேடித் தரும் அலுவலகத்தில் கொக்கு உட்கார்ந்திருந்தது. மூன்று பிரதி விண்ணப்பம் கொடுத்தது. 'அடையாளங்கள்' என்ற இடத்தில் பூவாயி எழுதினாள்: 'கறுப்பு. முடி ஜாஸ்தி. ஒரு இடத்தில் இருக்கமாட்டான்.'

கொக்கு படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றியது.

"இந்த அடையாளத்துல என்கிட்ட இருபத்தேழு பேர் இருக்காங்கம்மா. அதுல நாலு பேர் இந்த ஆபீஸ்லயே வேலை பாக்கறாங்க."

"நோட்டீஸ் அடிச்சு ஒட்டலாமாங்க?"

"ஒட்டலாம். பாதியை மழை கரைக்கும், மீதியை ஆடு திங்கும். இப்பல்லாம் யாரும்மா நோட்டீஸ் படிக்கிறாங்க? சித்திரைக் கடைசியில எட்டுக் காட்டுக்கும் சேர்த்துத் திரைவிழா நடக்குது. எல்லாக் காட்டுப் பிள்ளைகளும் வந்து படம் பாக்கும். உங்க கதையை ஒரு அனிமேஷன் படமா எடுத்துப் போட்டீங்கன்னா, பையன் எந்தக் காட்டுல இருந்தாலும் அம்மாவை அடையாளம் கண்டு வந்துடுவான்."

பூவாயிக்கு அது நியாயமாகப் பட்டது. முதுகு முடியைச் சீவிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள்.

ஸ்டுடியோ ஒரு பாறைக் குகைக்குள் இருந்தது. இயக்குநர் வண்ணமுத்து ஒரு பச்சோந்தி. பூவாயி கதையைச் சொல்லச் சொல்ல அவர் நீலமானார், பிறகு சாம்பலானார், முடி பிடுங்கப்பட்ட இடத்தைக் காட்டியபோது நல்ல கறுப்பாகிவிட்டார்.

"அக்கா, இது கதை இல்லக்கா, உசிரு. அப்படியே எடுப்போம். வெள்ளம், மழை, இருட்டு, உங்க முடி, பையன் கை. ஒண்ணையும் மாத்தக்கூடாது."

"எப்ப முடியுங்க?"

"நான் நாளைக்கே முடிச்சுடுவேன். ரெண்டரிங்கை மட்டும் திருமேனி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

ரெண்டரிங் என்றால் பயந்துவிடாதீர்கள். கணினிக்குள் செய்து வைத்த பொம்மை பச்சை மாவு மாதிரி. வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே விழும், எந்த முடி எந்தப் பக்கம் பறக்கும் என்று மெஷின் கணக்குப் போட்டு, ஒவ்வொரு படமாக வேகவைத்து வெளியே தள்ளும். ஒரு நொடி ஓட இருபத்துநாலு படம் வேண்டும். கொழுக்கட்டை என்றால் உடனே வெந்துவிடும். இடியாப்பத்தை ஒரே ஒரு இழையாகப் பிழிந்து, ஒவ்வொரு இழையையும் தனித்தனி அடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும்? முடி அப்படித்தான்.

மெஷினுக்கு அதிகாரி திருமேனி என்கிற ஆமை. மெஷின் சூடாகிவிடாமல் இரண்டு யானைகள் மாறி மாறிக் காதை வீசிக்கொண்டிருந்தன. வரிசையில் பூவாயிக்கு முன்னால் ஒரு பெண்மயில் நின்றது. தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஆடின ஆட்டத்தைப் படமாக்கக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறதாம். இடது பக்கத் தோகை மட்டும் வெந்திருக்கிறதாம்.

"வலது பக்கம்?" என்று கேட்டாள் பூவாயி.

"அதுக்குள்ள அவர் போயிட்டாருங்க. இப்ப இவர் வேற மாப்பிள்ளை" என்றது மயில்.

பூவாயியின் முறை வந்தது. திருமேனி ஒரு விண்ணப்பத்தை நகர்த்தினார்.

"இதை நிரப்பும்மா. உடம்புல மொத்தம் எத்தனை முடி?"

"எண்ணினதில்லீங்க அண்ணே."

"எண்ணிட்டு வா."

பூவாயி இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்து எண்ணினாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எண்ணி முடித்தபோது ஒரு தும்மல் வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாவது வாரம், 'நிறைய' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திருமேனி அதை வாங்கிக்கொண்டார். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம்.

மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு படம் வேக ஒன்பது மணி நேரம் ஆனது. வெளியே வந்த படத்தில் பூவாயியின் உடம்பு முழுக்கப் புகை மாதிரி மங்கலாக இருந்தது. முடி பிடுங்கப்பட்ட இடம் மட்டும் பளிச்சென்று வெந்திருந்தது.

"இது ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் திருமேனி. "உடம்பு பூரா இப்படியே இருந்தா வசதி."

பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டார். பத்து நிமிஷப் படம். பதினாலாயிரத்து நானூறு படங்கள். ஒன்றுக்கு ஒன்பது மணி நேரம்.

"பதினாலு வருஷம் ஒன்பது மாசம். அவசரமா?"

"சித்திரைக்கு வேணுங்க அண்ணே."

"எந்தச் சித்திரை?"

பூவாயி வண்ணமுத்துவைப் பார்த்தாள். வண்ணமுத்து ஆமை ஓட்டின் நிறத்துக்கு மாறியிருந்தார்.

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். முடி எதுக்கு? ஒரு தாயோட பாசம் முடியிலயா இருக்கு?"

"அவன் பிடிச்சிருந்தது முடியைத்தானுங்களே."

"பாக்கறவங்களுக்கு அது தெரியாதுக்கா. முடியில்லாத கரடி. யோசிச்சுப் பாருங்க. இழப்புன்னா என்னன்னு உடம்பே சொல்லும்."

முடியில்லாத கரடியை மெஷினில் போட்டார்கள். நாலு மணி நேரம் ஆனது. முடி போனதும் உள்ளே இருந்த மடிப்பெல்லாம் வெளியே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் இருக்கிறது, நிழலுக்குத் தனியாக நேரம் ஆகும் என்றார் திருமேனி. காது வேண்டாம் என்றார்கள். கால் நாலும் வேண்டாம் என்றார்கள். நகம் மட்டும் இருக்கட்டும் என்று பூவாயி கேட்டுப் பார்த்தாள். கால் இல்லாமல் நகத்தை எங்கே வைப்பது என்று வண்ணமுத்து திருப்பிக் கேட்டார்.

கடைசியில் ஒரு உருண்டை மிஞ்சியது. கறுப்பு உருண்டை. வழுவழுவென்று இருந்தது. ஒரு படத்துக்குப் பன்னிரண்டே நிமிஷம்.

"நூத்தி இருபது நாள்" என்றார் திருமேனி. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி வந்தது. "தை முதல் தேதி போட்டா விழாவுக்கு முந்தின நாள் வெந்துடும்."

"அண்ணே, இதைப் பாத்து நான்தான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

வண்ணமுத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். கரடிகளுக்கு நெஞ்சில் லாடம் மாதிரி ஒரு வெள்ளைக் குறி இருக்குமே, அதில் அவர் கண் நின்றது.

"இந்தக் கோடு போடலாமா திருமேனி அண்ணே?"

"தட்டையான கோடுதானே? அதுக்கு நேரமே ஆகாது. பத்துக் கோடு வேணும்னாலும் போட்டுக்கோ."

உருண்டையின் நடுவில் அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டார்கள். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த கோடு. நெஞ்சில் இருந்தவரைக்கும் அது ஒரு குறி. உருண்டையில் போட்டதும் அது சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

பூவாயி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள்.

"பிள்ளையைத் தொலைச்சுட்டுத் தேடுறப்ப இப்படிச் சிரிச்சா, எவ என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"அக்கா, அழறவளைத்தான் எல்லாரும் எடுத்துட்டாங்களே. சிரிச்சுக்கிட்டே தேடுறவளை எவன் எடுத்திருக்கான்?"

"தலைகீழாப் போட்டா அழுகுற மாதிரி இருக்குமில்ல?"

"உருண்டைதானேக்கா. உருளும்போது பாதி நேரம் தலைகீழாத்தான் இருக்கும். அப்ப அழுவீங்க."

அதோடு நிற்கவில்லை. வெள்ளத்தை மெஷினில் போட்டபோது ஒரு யானை காது வீசுவதை நிறுத்திவிட்டு மயங்கி உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை வாங்கி இன்னொரு துளி மேல் போடுமாம். அது திரும்ப இதன் மேல் போடுமாம். வெள்ளத்தை எடுத்துவிட்டு ஒரு சரிவு வைத்தார்கள். மழையை எடுத்துவிட்டு ஒன்றும் வைக்கவில்லை. இருட்டு வேண்டுமே என்று பூவாயி கேட்டதற்கு, இருட்டில் படம் பொரிந்து புள்ளி புள்ளியாக வரும், நல்ல வெயில் வைத்துக்கொள் என்றார் திருமேனி. கண்ணீர் ஒரே ஒரு சொட்டு கேட்டாள். கண் இல்லாததால் அந்தக் கோரிக்கை தானாகத் தள்ளுபடி ஆனது.

"நான் பேசுறதாவது இருக்கட்டுமே? என் குரல் அவனுக்குத் தெரியும். குரலை வேகவைக்க வேண்டாமே?"

"குரலுக்கு ஒண்ணும் இல்ல தாயி. ஆனா பேசினா வாய் அசையணுமே" என்றார் திருமேனி. "வாய் அசைஞ்சா பல்லு தெரியும். பல்லு பளபளன்னு இருக்கும். பளபளப்புக்கு ஏழு மணி நேரம்."

அன்றைக்குப் பூவாயிக்குக் கோபம் வந்தது. மெஷின் மேல் இரண்டு கையையும் வைத்து நிமிர்ந்து நின்றாள். யானைகள் காதை மடக்கிக்கொண்டன.

"ஏன்யா, நான் கொண்டு வந்தது என்ன, நீங்க வச்சிருக்கிறது என்ன? வெள்ளம் போச்சு, முடி போச்சு, கண்ணீர் போச்சு, குரல் போச்சு. என் கதையில என்னதான்யா மிச்சம்?"

"சாரம்" என்றார் வண்ணமுத்து.

திருமேனி ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "தாயி, நான் நல்லதுக்குச் சொல்றேன். வேணாம்னா விட்டுடு. வரிசையில மயில் நிக்குது. நீ போனா அந்த நூத்தி இருபது நாளையும் அதுக்குக் குடுத்துடுவேன்."

பூவாயி கையை எடுத்தாள். சித்திரையை விட்டால் அடுத்த சித்திரை. அதற்குள் பையன் வளர்ந்து, முதுகில் ஏறுகிற வயசே போய்விடும். பிறகு எதை வைத்து அவன் அவளைத் தெரிந்துகொள்வான்?

"என்னை எப்படி வேணாக் காட்டுங்க. கடைசியில ஒரே ஒரு வரி போடுங்க. 'மொச்சை, மேல்கரை இலுப்பை மரத்தடிக்கு வா. அம்மா.' எழுத்து தட்டைதானே?"

"தட்டைதான். எழுத்துக்கு நேரமே கிடையாது" என்று திருமேனி ஒப்புக்கொண்டார்.

வண்ணமுத்து மட்டும் லேசாகச் சிவந்தார். "மொச்சைன்னு பேர் போட்டா அது உங்க வீட்டு விஷயமா ஆயிடும்க்கா. பாக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தன்னைக் கூப்பிடுற மாதிரி இருக்கணும். 'கண்ணே, மேல்கரை இலுப்பை மரத்தடிக்கு வா.' கேக்கவே எப்படி இருக்கு?"

தை முதல் தேதி மெஷினில் போட்டார்கள். நூற்று இருபது நாள் வெந்தது.

திரைவிழா ஆற்றின் நடுத்திட்டில் ஒரு பெரிய குகைக்குள் நடந்தது. எட்டுக் காட்டுக் கூட்டமும் வந்திருந்தது. பூவாயி கடைசி வரிசையில் நின்றுகொண்டு, படத்தைப் பார்க்காமல் பிள்ளைகளின் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னூறு நானூறு தலை. முக்கால்வாசி கறுப்பு.

படம் ஓடியது. வெயிலடிக்கிற சரிவு. ஒரு பெரிய கறுப்பு உருண்டை. அதன் உச்சியில் ஒரு சின்ன உருண்டை. பெரியது உருள்கிறது. சின்னது நழுவி விழுகிறது. அந்த இடத்தில் குகையே அதிர்கிற மாதிரிப் பிள்ளைகள் சிரித்தன. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று ஒரு குரங்குக்குட்டி கத்தியது. சின்ன உருண்டையைத் தேடிப் பெரிய உருண்டை கல்லில் முட்டியது, சிரித்தது. பள்ளத்தில் விழுந்தது, சிரித்தது. பத்து நிமிஷமும் சிரித்துக்கொண்டே தேடியது. கடைசியில் அந்த ஒரு வரி வந்தது.

விமர்சகரான முள்ளம்பன்றி எழுந்து நின்று பேசியது.

"இந்த இயக்குநர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்கணும். தண்ணீர் இல்லை. கண்ணீர் இல்லை. ஒரு முடிகூட இல்லை. எவ்வளவு துணிச்சல்! எவ்வளவு அடக்கம்!"

வண்ணமுத்து பொன்னிறமானார். "முதல் நாளே நான் எடுத்த முடிவுங்க இது" என்றார். அந்தக் கணத்தில் அவர் அதை முழுசாக நம்பினார். அவர் தோலைப் பார்த்தாலே தெரிந்தது.

பூவாயியின் முகம் வாடியிருந்தது. நெஞ்சில் இருந்த கோடு மட்டும் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு யாரும் அவளைத் தேடி வரவில்லை.

மறுநாள் காலையில் வந்தார்கள்.

இலுப்பை மரத்தடியில் எட்டுக் காட்டுப் பிள்ளைகளும் அம்மாக்களோடு வந்து நின்றன. 'கண்ணே வா' என்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளை வராமல் இருக்கும்? அதிலும் பாருங்கள், எல்லாப் பிள்ளைகளும் உருண்டை மாதிரி ஆகவேண்டும் என்று கரிச்சேற்றில் புரண்டு, முடியெல்லாம் படிந்து வழுவழுவென்று காயவிட்டு, நடுவில் சுண்ணாம்பால் ஒரு சிரிப்பும் போட்டுக்கொண்டு வந்திருந்தன. எது முயல், எது கீரி என்று பெற்றவர்களுக்கே தெரியவில்லை. ஒரு நரியம்மா கையில் பிடித்திருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்து, "நீ நம்மளுதுதானே?" என்று கேட்டுக்கொண்டாள்.

பூவாயி ஒவ்வொரு சேற்று உருண்டையாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி சிரித்தன.

"உருண்டை எங்க?" என்று கேட்டது ஒரு சேற்று உருண்டை.

"நான்தான் சாமி அந்த உருண்டை."

"பொய்! உருண்டைக்கு முடியே இருக்காது. உன் மேல பாரு, புதர் மாதிரி."

நாலைந்து பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அழுகை வரிசையில் பின்னால் பரவியது. வண்ணமுத்து ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் திருமேனியும் மெதுவாக வந்து சேர்ந்தார். அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வண்ணமுத்து திருமேனியின் ஓட்டில் சேற்றைப் பூசி, சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்.

"அண்ணே, தலையையும் காலையும் உள்ள இழுத்துக்கோங்க."

திருமேனி இழுத்துக்கொண்டார். பிள்ளைகள் கூச்சல் போட்டன. உருண்டை கிடைத்துவிட்டது.

"அக்கா, நீங்க வரிசையைப் பாத்துக்கோங்க" என்று பூவாயியிடம் ஒரு கட்டு இலைகளைக் கொடுத்தார் வண்ணமுத்து. ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதியிருந்தது. தன் கதையைப் பார்க்க வந்த கூட்டத்துக்குத் தானே டோக்கன் கொடுத்துக்கொண்டு நின்றாள் பூவாயி. கை கொடுத்தது. கண் தேடியது.

பொழுது சாயும் நேரத்தில் கீழ்க்கரைக் காட்டிலிருந்து செவந்தி என்கிற மரநாய் ஐந்து சேற்று உருண்டைகளோடு வந்தாள். ஓடி ஓடிக் களைத்திருந்தாள்.

"அக்கா, அஞ்சு டோக்கன். நாலு என்னோடது, ஒண்ணு வளர்ப்பு."

"வளர்ப்பா?"

"ஐப்பசி வெள்ளத்துல ஒரு கட்டையில ஒட்டிக்கிட்டு வந்துச்சுக்கா. வீடு எங்கடான்னு கேட்டா, வீட்டுலன்னு சொல்லுது. அம்மா எப்படிடா இருப்பான்னு கேட்டா, முடிங்குது. அதை வச்சு நான் எங்கன்னு போய்த் தேட?"

பூவாயி கையிலிருந்த டோக்கன் கட்டு கீழே விழுந்தது. ஐந்து உருண்டைகளையும் பார்த்தாள். ஐந்தும் ஒரே அளவு சேறு. ஐந்தும் சிரித்தன.

அவள் வாயைத் திறப்பதற்குள் அதில் ஒன்று அவள் காலைப் பிடித்து உலுக்கியது.

"கூட்டம் மறைக்குது. எனக்கு உருண்டையே தெரியல."

பூவாயி குனிந்து முதுகைக் காட்டினாள்.

அது ஏறியது. ஏறின கை எதையும் தேடவில்லை. நேராகத் தோளுக்குப் பின்னால் போய், முடி இல்லாத அந்த இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே தடவிப் பார்த்தது.

"இங்க மட்டும் முடி இல்ல."

"ஆமா. ஒரு பய பிடுங்கிட்டுப் போயிட்டான்."



"அது என்கிட்டதான் இருக்கு" என்றான் மொச்சை. "கீழ்க்கரையில, தலைமாட்டுல வச்சிருக்கேன்."

செவந்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பூவாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பையன் முதுகை விட்டு இறங்கவில்லை. பக்கத்து முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டான். காய்ந்திருந்த சேறெல்லாம் நனைந்து அவள் முதுகில் வழிந்தது.

"அம்மா."

"சொல்லு சாமி."

"வந்ததுதான் வந்துட்டோம். உருண்டையைப் பாத்துட்டுப் போயிடலாமா?"

போனார்கள். தான் கொடுத்த டோக்கனைத் தானே எடுத்துக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆளாகப் பூவாயி நின்றாள். முறை வந்ததும் மொச்சை ஆமை ஓட்டைத் தொட்டுப் பார்த்தான். மனசே இல்லாமல் திரும்பினான். வீட்டுக்குப் போகும் வழியில், அம்மா, நீ ஏன் அது மாதிரி வழுவழுன்னு இல்ல என்று கேட்டான். பூவாயி அவனை ஒரு அடி போட்டாள். ஆறு மாசமாக வைத்திருந்த அடி. பிறகு, மேல்கரை, இலுப்பை மரத்தடி என்று பத்துத் தடவை சொல்லவைத்தாள்.

செவந்தி மறுநாளே அந்த முடிக் கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "திரும்ப வளர்ந்துடும்க்கா" என்றாள். வளரவும் செய்தது.

நல்லபடியாக முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஸ்டுடியோவுக்குப் புது மெஷின் வந்தது. ஒரு முழுக் கரடியை அரை நிமிஷத்தில் வேகவைத்துவிடும்; லட்சம் முடியும் தனித்தனியாகக் காற்றில் ஆடும். காது வீசுகிற வேலை போய், யானைகள் ஊருக்குக் கிளம்பின. அவ்வளவுதான், அந்த வருஷம் வந்த படங்களில் எல்லாவற்றுக்கும் முடி முளைத்தது. மீனுக்கு முடி. முட்டைக்கு முடி. நிலாவுக்குக்கூட ஓரத்தில் கொஞ்சம். கதை என்ன என்று கேட்டால், காற்றடிக்கிறது என்றார்கள். போன வருஷம் முடி இல்லாததை மெச்சிய அதே முள்ளம்பன்றி, "முடிதான் உணர்ச்சி, நான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன்" என்று தன் முதுகையே உதாரணம் காட்டிப் பேசியது. மயிலுக்கு மட்டும் ஒரு குறை. இரண்டு பக்கத் தோகையும் வெந்துவிட்டது, ஆனால் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு மாப்பிள்ளை.

ஒரு நாள் காலையில் பூவாயி புற்றைத் தோண்டி மொச்சைக்குக் கரையான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்ணமுத்து வந்தார். கூடவே திருமேனி. அவர் ஓட்டில் போன வருஷத்துச் சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியவில்லை.

வண்ணமுத்து அச்சு அசல் கரடி நிறத்தில் இருந்தார்.

"அக்கா, அன்னைக்கு உங்க கதைக்கு நாங்க அநியாயம் பண்ணிட்டோம். ஒத்துக்கறேன். இப்ப வெள்ளம் எடுக்கலாம். மழை எடுக்கலாம். இருட்டு, கண்ணீர், பல்லு, எது வேணாலும். அந்தக் கை நழுவுற இடத்தை மட்டும் ஒரு நிமிஷம் காட்டினா எட்டுக் காடும் அழும்."

"கதைதான் சொல்லிட்டேனே" என்றாள் பூவாயி. "எடுத்துக்கோங்க."

"சொன்ன கதை பத்தாதுக்கா. இந்த மெஷின் ரொம்ப நுணுக்கம். எந்த முடி முதல்ல அறுந்துச்சு, தண்ணி எந்தப் பக்கம் இழுத்துச்சு, உங்க முகம் அப்ப எப்படி இருந்துச்சு, எல்லாம் கேக்குது. பக்கத்துல இருந்து பாத்து வரைஞ்சாத்தான் சரியா வரும்."

மொச்சை கரையான் தின்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டான். புதிதாக முளைத்த முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

திருமேனி தலையை மெதுவாக வெளியே நீட்டி, கையோடு கொண்டுவந்த நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார்: "ஐப்பசி பொறந்துடுச்சு தாயி. ஆத்துல தண்ணியும் நல்லா வருது."

வண்ணமுத்து கையைக் கூப்பினார்.

"ஒரே ஒரு தடவைக்கா. பையனை இன்னொரு தடவை தொலைச்சுக் குடுங்களேன்."

நீதி: பிள்ளையைத் தொலைப்பதற்கு முன் மெஷின் எந்த மாடல் என்று விசாரித்துக்கொள்ளவும்.